விரல் விழுந்த பெயர்

கல்லின்மேல் ஒரு புளி, அதன்மேல் ஒரு தட்டு, கொட்டை தெறித்து முறத்தில் விழ, சதை வாளிக்குப் போக, அடுத்த புளி, அடுத்த தட்டு. நிறுத்தக் கூடாது. எப்சிபா கை நிறுத்தினால் உள்ளே படுத்திருக்கிற அவள் புருஷன் முழித்துவிடுவார். யெகூவே அதை அவளிடம் சொல்லியிருக்கிறார், கல்யாணமான புதிதில், தன் உடம்பின் பெருமையைச் சொல்வதுபோல. "லாரிக்காரன் தூக்கம் அப்படித்தாம்ட்டி. எஞ்சின் ஓடுத வரைக்கும் பொணம் மாதிரி கிடப்பான். எஞ்சின் நின்னுட்டோ, கண்ணு தன்னால தெறந்துக்கிடும்." விடிய விடிய உப்பு ஏற்றி ஓட்டிவிட்டுக் காலையில் வந்து, சோறு தின்று, கொஞ்சம் குடித்து, பாயில் சாய்ந்தவர். அவருக்கு இந்தச் சுத்தியல் சத்தம்தான் எஞ்சின். தொட்டிலில் கிடக்கிற நாலு மாசப் பிள்ளைக்கும் அப்படியே பழகிவிட்டது. வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்ட சத்தம்தானே. இரண்டு ஆம்பிளைகளும் ஒரே சுத்தியலில் தூங்குகிறார்கள், ஒருத்தர் தரையில், ஒருத்தன் உத்தரத்தில் கட்டிய சேலையில், அவள் அறை வாசலில் குத்தவைத்து இரண்டு பேரையும் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள், டொக், டொக், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கொதிக்கிறது, புளிப்பு விரல் இடுக்கில் ஏறி எரிகிறது, வியாழக்கிழமை அறை வாங்கிய இடது காதுக்குள் ஒரு கொசு வெளியே வர வழி தெரியாமல் இரண்டு நாளாய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நாளைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். இன்றைக்கு நாலு மணிக்கு உபதேசியார் ஞானாபரணம் கோயில் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பேரை எழுதிக்கொண்டு போவார். எழுதிவிட்டால் எழுதினதுதான். காலையில் சபைப் போதகர் ஐயர் தண்ணீரைத் தொட்டு இந்தப் பச்சை மண்ணின் நெற்றியில் வைத்து, சிசெரா என்று கூப்பிடுவார். சிசெரா. தொட்டிலில் இருப்பவன் சிசெரா. களைத்துப்போய் ஒரு வீட்டுக்குள் வந்து படுத்துத் தூங்கும்போது, அந்த வீட்டுக்காரி நெற்றிப்பொட்டில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்து, ஆணி மறுபக்கம் இறங்கி மண்ணில் பதிந்து செத்துப்போனானே வேதத்தில், அவன் பேர். யெகூவுக்கு அது தெரியாது. எப்சிபாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன. சொல்ல வாய் வேண்டும். கொட்டை தெறித்தது. ஒன்று அவள் கன்னத்தில் வந்து அடித்தது, சுருக்கென்று, ஆளைத் தெரிந்து அடித்த மாதிரி.

விரல் வைத்துப் பேர் எடுப்பது அவர்கள் குடும்பத்தில் மாமனார் காலத்துக்கும் முந்திய வழக்கம். மற்ற வீடுகளில் அப்பாவைப் பெற்றவர் பேரை வைப்பார்கள், இல்லாவிட்டால் கோயில் வாசலில் விற்கிற பேர்ப் புத்தகத்தைப் பார்த்து வைப்பார்கள். இவர்கள் வீட்டில் பிள்ளையின் தகப்பன் ஜெபம் முடிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வான், மடியில் இருக்கிற வேதப்புத்தகத்தை எங்கே பிளக்கிறதோ அங்கே பிளப்பான், சுட்டுவிரலைக் கொண்டுபோய் வைப்பான், அந்த இடத்திலிருந்து கீழே முதலில் எந்த ஆம்பிளைப் பேர் வருகிறதோ அது ஆண்பிள்ளைக்கு, எந்தப் பொம்பிளைப் பேர் வருகிறதோ அது பெண்பிள்ளைக்கு. மாற்றக் கூடாது. விரல் நம்முடையது, பிடித்து வைக்கிறது கர்த்தருடைய கை. அந்தக் கை மாமனாருக்கு மூன்று தடவையும் எங்கே கொண்டுபோய் வைத்தது என்று யாராவது யோசித்தார்களா. மூத்த மகளுக்கு அத்தாலியாள், சொந்தப் பேரப்பிள்ளைகளைக் கொன்றுபோட்ட ராணி. ஆனால் அத்தாலியாள் மைனியோ பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிறாள், கோழி அறுக்கிற அன்றைக்குப் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள், அவள் யாரைக் கொன்றாள், அப்படியானால் பேரில் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, எப்சிபா இந்த நினைப்புக்கு வந்து வந்து ஒரு வாரத்தில் எத்தனையோ தடவை நிம்மதியாய் மூச்சு விட்டுவிட்டாள், விட்ட மூச்சு முடிகிறதற்குள் அடுத்த பேர் வந்துவிடுகிறது. யெகூ. வேதத்து யெகூ ரதத்தை ஓட்டுகிற வெறியை வைத்தே காவல் கோபுரத்தில் நின்றவன் தூரத்திலேயே ஆளை அடையாளம் சொன்னானாம். லாரி ஷெட்டில் எல்லாருக்கும் அது தெரியும், பேருக்கேத்த பொழப்பு பாத்தியா என்பார்கள், அவருக்கும் சந்தோஷம், வேதத்தில் தன் பேர் வருகிற பக்கங்களை மட்டும் அவர் எழுத்துக் கூட்டிப் படித்து வைத்திருக்கிறார். அதனால்தான் அந்த ஜன்னலும் அவருக்குத் தெரியும். கல்யாணமான முதல் மாசம் எப்சிபா கண்ணுக்கு மை போட்டுக்கொண்டு, வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் நின்றாள், அவருக்காகத்தான் நின்றாள், வந்து இறங்கினவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "எசபேல் கணக்கா மையப் பூசிக்கிட்டு ஜன்னல்ல நிக்கியோ? அவளை என் பேருக்காரன் என்ன செஞ்சாம்னு தெரியுமாட்டி உனக்கு?" என்று பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தை ஜன்னல் கம்பியில் வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே கதையைச் சொன்னார். மேலேயிருந்து தள்ளச் சொன்னான், தள்ளினார்கள், இரத்தம் சுவரில் தெறித்தது, குதிரை மிதித்தது, அவன் போய்ச் சாப்பிட்டான், சாப்பிட்டு முடித்துப் புதைக்க ஆள் அனுப்பினால் நாய்கள் தின்றதுபோக மண்டையோடும் காலும் உள்ளங்கையும்தான் கிடந்தது. "சாப்பிடத்தான் போனான், பாத்துக்க," என்றார். அன்றைக்கு அவள் சோறு எடுத்து வைத்தாள். பேரில் ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது. மூன்றாவது பேர் ஆமான். அவள் கொழுந்தன். வேதத்து ஆமான், எஸ்தர் ராணி காட்டிக்கொடுத்து, தான் நட்டுவைத்த தூக்குமரத்தில் தானே தொங்கினவன். கொழுந்தன் அதைச் சொல்லிச் சிரிக்கிற பையன், "மைனி, எனக்குப் பொண்ணு பாத்தா எஸ்தர்னு பேருள்ளதா மட்டும் பாத்துராதிய, நம்மள மாட்டிவிட்டுருவா" என்பான், அந்த வீட்டில் அவளோடு பேசிச் சிரித்த ஒரே ஆள் அவன்தான். சிரித்தவன் போன வருஷம் உப்பள ஷெட்டில் நைலான் கயிற்றில் தொங்கினான். ஏன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அடக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர், பேரு வேலையைக் காட்டிட்டு என்று மெல்லச் சொல்லப்போக, யெகூ அவர் குரல்வளையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். ஆமான் தொங்கின கோலத்தை எப்சிபா பார்க்கவில்லை. பார்க்காததால் தினமும் பார்க்கிறாள். கால் தரைக்கு ஒரு சாண் மேலே. நாக்கு. டொக். நாக்கு வேண்டாம். டொக். டொக்.

போன வாரம் யெகூ கண்ணை மூடி விரலை வைத்தபோது அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தாள். விரல் இறங்குகிற இடத்தைப் பார்த்தாள். நியாயாதிபதிகள் என்று பக்கத்தின் தலையில் இருந்தது, அந்த ஆகமத்தின் கதைகள் அவளுக்குத் தெரியும், இன்னும் ஒரு விரல்கடை தள்ளி விழுந்திருந்தால் பாராக் என்று கிடைத்திருக்கும், மின்னல் என்று அர்த்தமாம், பிள்ளைக்கு மின்னல் என்று பேர் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். சிசெரா. அவர் அந்த இடத்தில் இரண்டு வசனத்தை மட்டும் படித்தார். சேனாபதி, தொள்ளாயிரம் இரும்பு ரதம். "தொள்ளாயிரம்!" என்று தொடையில் அறைந்தார். "ஏட்டி, தொள்ளாயிரம் வண்டி! நம்ம முதலாளிக்கே நாப்பதுதான் ஓடுது!" அப்போதே போனை எடுத்து ஷெட்டில் உள்ள ஒவ்வொருத்தருக்கும் சொன்னார், "என் மவன் தொள்ளாயிரம் வண்டிக்காரம்ல," என்றார், பிள்ளையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார், பிள்ளை சிரித்தது, முதல்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தது, அந்தச் சிரிப்பை அவள் மறக்க மாட்டாள், அப்படிச் சிரிக்கிற முகத்தில் நெற்றிப்பொட்டு எங்கே இருக்கிறது என்று அவள் கண் போய்த் தேடியதையும் மறக்க மாட்டாள். அடுத்த பக்கத்தை அவர் புரட்டவில்லை. புத்தகத்தை மூடி முத்தம் கொடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். பேர்ப் புத்தகத்தையும் பார்த்தார், அதில் சிசெரா என்பதற்கு நேரே போர் அணிவகுப்பு என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது, வேறு பாஷைப் பேராம், நிச்சயமாக ஒருத்தருக்கும் தெரியாதாம். கேள்விக்குறியை அவர் பார்க்கவில்லை. எப்சிபா அஞ்சாம் வகுப்போடு நின்றவள், தெரியாத எழுத்தென்றால் விரலை ஓட்டித்தான் வாசிப்பாள், அவர் வேலைக்குப் போனபிறகு அந்தப் புத்தகத்தில் யாகேலைத் தேடினாள். ஆணி அடித்தவள். யாகேல் என்றால் மலை ஆடு. செங்குத்துப் பாறையில் ஏறி நிற்குமே, கீழே பார்த்தால் நமக்குத் தலை சுற்றும், அந்த ஆடு. அவ்வளவுதான் போட்டிருந்தது. எப்சிபா என்றால் என் பிரியம் அவள்மேல். அவ்வளவுதான். பேர்ப் புத்தகத்தில் அர்த்தம் இருக்கிறது, முடிவு இல்லை. ஆமானுக்கு நேரே கயிறு என்று போடவில்லை.

அவளுக்கு முடிவு தெரியும். படித்துத் தெரிந்ததில்லை, படுத்துத் தெரிந்தது. சின்னப் பிள்ளையில் மே மாச லீவில் கோயிலில் நடக்கிற வேதப்பள்ளியில் டாப்னி டீச்சர் நாடகம் போட்டார்கள். எப்சிபாவுக்கு வசனம் வராது, நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், டீச்சர் யோசித்து, "இவளுக்குச் சிசெராவைக் கொடுத்துருவோம், ஓடிவந்து தண்ணி கேக்கணும், அதையும் கையைக் காட்டிக் கேளு, பிறகு படுத்துத் தூங்கணும், அம்புட்டுத்தான்" என்றார்கள். யாகேல் வேஷம் கெசியாவுக்கு. கெசியா உயரமான பிள்ளை, வேகமான பிள்ளை, கபடியில் ஆளை முடியைப் பிடித்து இழுக்கிறவள். தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்தாள், பால்பவுடர் கட்டி கட்டியாகத் தொண்டையில் ஒட்டியது, கம்பளியைப் போட்டு மூடினாள், கம்பளிக்குள் நாய் நாற்றம், கோயில் முழுக்க ஆள், எப்சிபா கண்ணை மூடினாள். அதுவரைக்கும் பயமில்லை. கண்ணை மூடினபிறகு அவள் வரும் சத்தம். நாடகத்தில் யாகேல் மெள்ள மெள்ள வரவேண்டும், அப்படித்தான் டீச்சர் சொல்லிக் கொடுத்தார்கள், கொலுசைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள், அதனால் பாதம் தரையிலிருந்து பிரிகிற ஈரச் சத்தம் மட்டும். கம்பளியை விலக்குகிற காற்று. மரக்கட்டை ஆணியின் முனை நெற்றிப்பொட்டில் வந்து உட்கார்ந்தது, இடது பக்கம், காதுக்கும் கண்ணுக்கும் நடுவே, எலும்பே இல்லாததுபோல மெத்தென்று இருக்குமே அங்கே. அங்கே தன் இரத்தம் ஆணிமேல் போய்ப் போய் முட்டுவது அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்கக் கூடாது. தூங்குகிறவன் எழுந்திருக்க மாட்டான். சுத்தியலைத் தலைக்குப் பக்கத்தில் மணையில்தான் அடிக்கவேண்டும், முதல் அடி மணையில் விழுந்தது, இரண்டாவது அடி மணையில் விழுந்தது, கைதட்டல் வர வர கெசியாவுக்கு வேகம் ஏறி மூன்றாவது அடி ஆணிமேலேயே விழுந்தது. கட்டை வழுக்கித் தோலைக் கிழித்தது. எப்சிபா கத்தினாள். செத்த சிசெரா எழுந்து உட்கார்ந்து கத்தினான், உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம், கோயில் இடிகிற மாதிரி சிரிப்பு. இரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கெசியாவும் சிரித்தாள், "செத்தவன் ஒண்ணுக்குப் போவானாட்டி?" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்த வரைக்கும் அவள் பேர் எப்சிபா இல்லை. "ஏ சிசெரா, பால் குடிச்சியா? சிசெரா, கீழ விரிச்சுப் படு!" குழாயடியில், ரேஷன் வரிசையில். கல்யாணம் ஆகி அடுத்த ஊருக்கு வந்தபோது அந்தப் பேர் அங்கேயே கிடக்கட்டும் என்றுதான் வந்தாள். அது பின்னாலேயே நடந்து வந்து அவள் தொட்டிலுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. அவள் மட்டும்தான் இந்த வீட்டில் சிசெராவாக இருந்து பார்த்தவள். பால் எப்படி இருக்கும், கம்பளி எப்படி மணக்கும், முனை எங்கே வந்து உட்காரும்.

வியாழக்கிழமை சொல்லிப்பார்த்தாள். சோறு போட்டுவிட்டு, அவர் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றச் சொன்ன நேரம் பார்த்து, "அந்தப் பேர்க்காரன் கதை அவ்வளவு நல்லா இருக்காதுங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. "என்ன நல்லா இருக்காது?" "கடைசில ஒரு பொம்பளை கையால..." அதற்குமேல் போகவில்லை. எச்சில் கை. இடது காதின்மேல் தட்டையாக வந்து விழுந்தது, காதுக்குள் சோற்றுப்பருக்கை போனது, சுவர் வந்து மறுகாதில் அடித்தது. "எனக்கு வேதம் படிச்சுத் தாரியோ? கர்த்தரு கையைப் பிடிச்சு வச்ச பேரு. நீ நாக்கை நீட்டி அதுல சாணியைப் பூசுத. இன்னொரு தடவை அந்த வாய் தெறந்துச்சுன்னா வாயில பல்லு இருக்காது." பிள்ளை அழுதது. அவர் போய்த் தொட்டிலை ஆட்டினார். அதே கை. அடித்த கையால்தான் ஆட்டினார், மெதுவாக, சிசெரா, சிசெரா, அப்பா இருக்கேம்ல என்று, அவள் காதுக்குள் கொசு பாட ஆரம்பித்தது அப்போதுதான். புளி. தட்டு. இப்போது அவர் இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார், வலது நெற்றிப்பொட்டு மேலே தெரிகிறது, அவள் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து நேரே தெரிகிறது, இவ்வளவு நேரம் அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரிகிறது. ஒரு நரம்பு, கம்பளிப்பூச்சி மாதிரி, குடித்தால் புடைக்கும். அது துடிக்கிறது. அவள் தட்டுகிறாள், அது துடிக்கிறது, அவள் கை கொஞ்சம் வேகமானால் அதுவும் வேகமாகிறதுபோல இருக்கிறது. கரண்ட் போய் ஃபேன் நின்று நாழியாகிவிட்டது. வேர்வை அந்த நரம்பின்மேல் உருண்டு காதுக்குள் போகிறது. துடைத்துவிடலாம். துடைக்கத்தான் எழுந்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். ஆனால் சத்தம் நிற்கக் கூடாதே, அதனால் சுத்தியலும் கையோடு எழுந்தது. வாசல் நிலையில் ஒரு தட்டு. ஒரு அடி எடுத்துவைத்துக் குனிந்து சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு. இன்னொரு அடி, இன்னொரு தட்டு. கொலுசு கிடையாது, அதைப் பிடுங்கி விற்று எவ்வளவு நாளாயிற்று, பாதம் தரையிலிருந்து பிரிகிற ஈரச் சத்தம் மட்டும். பாயின் ஓரம். டொக். தலைமாட்டில் முழங்காலை ஊன்றினாள். டொக். அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் அடித்தாள், டொக், அவர் அசையவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, பொணம் மாதிரி கிடக்கிறார். இன்னும் கொஞ்சம் கிட்டே. டொக். அரைச் சாண். ஆணிகூட வேண்டாம். இந்த இடத்தில் ஆணி எதற்கு, இது அவ்வளவு மெத்தென்று இருக்கும், அவளுக்குத் தெரியாதா, ஒரே ஒரு தட்டு தரையில் விழாமல் கொஞ்சம் தள்ளி விழுந்தால் போதும், புளி பிளக்கிற மாதிரி, கொட்டை ஒரு பக்கம் சதை ஒரு பக்கம், எத்தனை மூட்டை உடைத்த கை, குறி தப்பாது, பிறகு காதில் கொசு பாடாது, பிறகு ஜன்னலில் நிற்கலாம், மை போட்டுக்கொண்டு நாள் பூராவும் நிற்கலாம், யாகேலைப் பாட்டாகப் பாடினார்களே, ஸ்திரீகளுக்குள்ளே பாக்கியவதி என்று பாடினார்களே, டொக், விரல்கடை தூரம், பாயின் கோரை ஒன்று நசுங்கித் தெறித்தது.

அப்போது அவர் சப்புக்கொட்டினார். வாய் கொஞ்சம் திறந்து, கீழுதடு உள்ளே போய், இல்லாத எதையோ இரண்டு தடவை உறிஞ்சியது. நிமிர்ந்து தொட்டிலைப் பார்த்தாள். சேலை இடுக்கில் பிள்ளையின் முகம், வாய் கொஞ்சம் திறந்து, கீழுதடு உள்ளே போய். அதே உதடு. அச்சு. இந்த ஆளையும் யாரோ கண்ணை மூடி விரல் வைத்து இப்படி ஆக்கிவைத்தார்கள், தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்கள், இவரும் முதல்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்திருப்பார். சிசெராவுக்கும் ஒரு அம்மா இருந்தாள். அதை எப்படி மறந்தாள், யாகேலைப் பாடின அதே பாட்டின் கடைசியில் வருகிறாளே, பேர் இல்லாதவள், ஜன்னலில் நின்று பலகணி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பாளே, இன்னும் ஏன் வண்டி வரவில்லை, இன்னும் ஏன் குதிரைச் சத்தம் கேட்கவில்லை என்று, கூட இருக்கிறவர்கள் தேற்றுவார்கள், கொள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பான், ஆளுக்கு ஒரு பெண் இரண்டு பெண் என்று பிடித்துக்கொண்டு வருவான் என்று, அவளும் அதைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். ஆமாம் என்று சொன்னாளே. ஆளுக்கு இரண்டு பெண் என்று சொல்லும்போது அந்த அம்மா ஆமாம் என்றுதானே சொன்னாள். மகன் என்ன செய்துகொண்டிருப்பான் என்று தெரிந்துதானே ஜன்னலில் நின்றாள். எப்சிபாவின் கை தரையில் தட்டிக்கொண்டே இருந்தது, எங்கே தட்டுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வாரமாக அவள் பயந்தது என்ன, இந்தப் பேர் போய் என் பிள்ளையைக் கொல்லும் என்றுதானே. பேர் எங்கே கொல்லும். இருபத்தஞ்சு வருஷம் கழித்து ஏதோ ஒரு வீட்டில் இந்த உதடு இப்படிச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கும், தலைமாட்டில் எவளோ ஒருத்தி காதில் கொசுவோடு முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருப்பாள், கையில் ஏதாவது இருக்கும், சுத்தியலோ அம்மிக்குழவியோ. அவளை அங்கே கொண்டுவந்து உட்காரவைப்பது பேர் இல்லை. அடித்த கையால் தொட்டிலை ஆட்டுகிற கை. தகப்பன் பேசினால் அம்மாவுக்கு வாய் இல்லை என்று நாலு மாசத்திலேயே பார்த்துக்கொண்டு கிடக்கிறானே, அது. எப்சிபா எழுந்தாள். திரும்பி வரும்போதும் தட்டிக்கொண்டே வந்தாள், பாய் ஓரம், தரை, நிலை, கல். புளிக்கு வந்த முதல் அடி தவறிக் கட்டைவிரலில் பட்டது, நகம் கறுத்தது, வலி தோள்வரைக்கும் ஏறியது, அதற்கும் அவள் நிறுத்தவில்லை, பிறகு ஒரு நேரம் தானாகவே கை நின்றுவிட்டது. நின்றது. வீடு முழுக்க அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள், பத்துக்குமேல் போனது. அவர் முழிக்கவில்லை. கண்ணு தன்னால தெறந்துக்கிடும் என்றாரே. குறட்டைகூட மாறவில்லை. இரண்டு வருஷமாக அவள் கை மரத்துப்போகத் தட்டிக்கொண்டே இருந்ததெல்லாம் எதற்கு.

சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது. ஐயா, அந்தப் பேர் வேண்டாம், என்று உபதேசியாரிடம். ஐயா என்றதுமே வாய் அடைத்துக்கொள்ளும். ஐயா இல்லாமல், அந்தப் பேர் வேண்டாம். அது மரியாதை இல்லை. நடுங்காமல் சொன்னால் போதும், பிறகு பல் போனால் போகட்டும், சோறு தின்ன ஒரு பக்கம் இருந்தால் போதும், அவள் இன்னும் வார்த்தையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போதே வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். "எம்மா... எப்சிபா... இருக்கியளா?" சுத்தியலைப் புளிக்குவியலுக்குள் செருகிவிட்டு வாசலுக்குப் போனாள். ஞானாபரணம் உபதேசியார் ரிஜிஸ்டரைச் சைக்கிள் கேரியரில் விரித்து வைத்திருந்தார். "வீட்டுக்காரர் தூங்குதாரா? தூங்கட்டும் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். பேருதான் போன்லயே சொல்லிட்டாரே." பேனாவின் மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "ஏம்மா, அந்தப் பேரைத்தான் எழுதணுமா? எனக்கே ரெண்டு நாளா கை ஓடல. சபை ஐயரும் தலையைச் சொறியுதாரு. யாராவது சொல்லலாம்னா உங்க வீட்டுக்காரர் கோவக்காரரு, அடக்கத்தன்னைக்குப் பாத்தமே..." என்று தன் தொண்டையைத் தடவிக்கொண்டு சிரித்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கோயிலில் ஜெபம் பண்ணினால் சுவர் அதிரும், அவர் தொண்டை ஏறி இறங்குவதை எப்சிபா பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாரும் அவளைப் போலத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "வேண்டாம்," என்றாள். எங்கிருந்து வந்தது அந்தக் குரல், பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டவள் திரும்பிப் பார்த்தாள். "வேண்டாம்யா. அதை எழுதாதிய." "பின்ன என்ன பேரும்மா எழுத?" வேறு பேர் அவள் யோசிக்கவே இல்லை. ஒரு வாரமாய் ஒரே பேரைச் சுற்றிச் சுற்றி வந்ததில் மற்ற பேரெல்லாம் உலகத்திலிருந்தே போய்விட்டது. "சும்மா கோடு போட்டு விடுங்க. நாளைக்கு ஐயர் கேக்கையில நான் சொல்லுதேன்." "நீங்களா? தகப்பன்தானம்மா சொல்லணும், இல்லன்னா ஞானத்தகப்பன். அம்மாமாரு சொல்லி நான் கேட்டதில்லையே." "நான் சொல்லுதேன்யா." அவர் அவளைப் பார்த்தார், அவள் காதின் வீக்கத்தைப் பார்த்தார், ரிஜிஸ்டரில் பேருக்கு உண்டான கட்டத்தில் ஒரு நீளக் கோடு இழுத்தார், பேனா மூடிகூடப் போடவில்லை, உள்ளேயிருந்து தொண்டையைக் காறுகிற சத்தம், பாய் சரசரக்கிறது, "ஏட்டி எப்சி! யார்ட்டட்டி பேசுத? இங்க வா!" இந்தா வாரேன் என்றுதான் அந்தக் கூப்பாட்டுக்கு எப்போதும் பதில், காலும் அதைக் கேட்டதும் திரும்பிவிட்டது, ஆனால் வாய் வேறு எதையோ எடுத்துவிட்டது, அறைக்குள் நுழையும்போதே எடுத்துவிட்டது, வாரேன், வந்து சொல்லுதேன், பேரை நான்தான் வேண்டாம்னேன், நீங்க அடிக்கிறதுன்னா பிறகு அடிங்க, முதல்ல உக்காந்து கேளுங்க, உங்க தொள்ளாயிரம் வண்டிக்காரன் வண்டியெல்லாம் சேத்துல மாட்டி ஓடி வந்தான், களைச்சுப்போயி ஒரு வீட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டான், அந்த வீட்டுப் பொம்பளை அவனை உள்ள வான்னு கூப்பிட்டா, பயப்படாதேன்னு சொன்னா, அவன் படுத்தான், அவ போத்திவிட்டா, போத்திவிட்டுட்டு மெள்ள